வார்டுக்கு வெளியே ஒரு வேலை: நர்சிங் மாணவர்கள் பொது சுகாதாரத் துறைக்குள் நுழைவது எப்படி?

பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருடம் படிக்கும் யாரிடமும் 'அடுத்து என்ன?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்றுதான் வரும். "ஐ.சி.யூ. எக்ஸ்பீரியன்ஸ் எடுத்துட்டு வெளிநாடு போகணும்", "கார்ப்பரேட் ஹாஸ்பிடல் பார்க்கறேன்", "எம்.ஆர்.பி. எக்ஸாம் எழுதப் போறேன்". 'கிராமத்துல, துணை சுகாதார நிலையத்துல வேலை பார்க்கணும்' என்று சொல்பவர்கள் அபூர்வம்.

இத்தனைக்கும் நான்கு வருடப் படிப்பில் சமுதாய சுகாதார செவிலியம் கட்டாயப் பாடம். எல்லோரும் நீலப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போயிருப்பார்கள், சர்வே எடுத்திருப்பார்கள், ரெக்கார்டு எழுதியிருப்பார்கள். ஆனாலும் அது ஒரு 'கரியர்' என்று பலருக்குத் தோன்றுவதில்லை. ஏன்? உண்மையில் அந்த வேலையில் என்ன இருக்கிறது? அதில் நுழைய என்னென்ன வழிகள்? சம்பளமும் பணிப் பாதுகாப்பும் எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பொது சுகாதார செவிலியர் என்ன செய்கிறார்?

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஒரு துணை சுகாதார நிலையத்தில் காலையில் இருபது குழந்தைகள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊசி போடுவது, அட்டையில் பதிவது, காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அம்மாக்களிடம் சொல்வது எல்லாம் நடக்கும். மருத்துவமனை வேலையாக இருந்தால் அத்துடன் முடிந்துவிடும்.

பொது சுகாதார செவிலியரின் முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இன்று 23 குழந்தைகள் வந்திருக்க வேண்டும், 20 தான் வந்திருக்கின்றன என்றால் அந்த மூன்று பேர் யார்? ஒரு குழந்தை அம்மாவுடன் பாட்டி வீட்டுக்குப் போயிருக்கலாம். இன்னொரு வீட்டில், போன தடவை ஊசி போட்டதும் காய்ச்சல் அடித்ததால் 'இனிமே வேண்டாம்' என்று முடிவெடுத்திருக்கலாம். மூன்றாவது குழந்தை, வேலைக்காக வந்து செங்கல் சூளையில் தங்கியிருக்கும் வெளிமாநிலக் குடும்பத்துடையதாக இருக்கலாம். மூன்று பேருக்கும் மூன்று விதமான தீர்வு வேண்டும். முதல் குழந்தைக்கு ஒரு போன் கால் போதும். இரண்டாவது வீட்டில் பாட்டியிடம் உட்கார்ந்து பேச வேண்டும். மூன்றாவது குழந்தைக்காகச் சூளைக்கே போக வேண்டும்.

மருத்துவமனை, வந்தவர்களைப் பார்க்கிறது. பொது சுகாதாரம் வராதவர்களையும் கணக்கில் எடுக்கிறது. இந்த வேலைக்கு 'பொது சுகாதார செவிலியர்' என்ற பெயரைப் பரவலாக்கியவர் அமெரிக்க செவிலியர் லில்லியன் வால்டு. 1893-ல் நியூயார்க்கின் நெரிசலான குடியேறிகள் பகுதியில் வீடு வீடாகப் போய் அவர் தொடங்கியதும் இதே வேலைதான்.

'ஊசி போட்டுட்டுப் போற வேலைதானே' என்பது சரியா?

இல்லை. 2018-ல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், நாடு முழுவதும் துணை சுகாதார நிலையங்களையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் 'நலவாழ்வு மைய'ங்களாக மாற்றும் பணி தொடங்கியது. 2023-ல் இவற்றின் பெயர் 'ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்' என மாற்றப்பட்டது. தாய் சேய் நலம், தடுப்பூசி என்று இருந்த பட்டியல் இப்போது 12 வகை சேவைகளாக விரிந்திருக்கிறது. தொற்றாநோய் பரிசோதனை, மனநலம், முதியோர் பராமரிப்பு, வலி தணிப்பு சிகிச்சை, கண், காது, பல் தொடர்பான அடிப்படை சேவை, அவசர முதலுதவி எல்லாம் இதில் அடக்கம்.

சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது தேசிய அளவுகோல். அங்கே முழுநேர டாக்டர் கிடையாது. 30 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, வாய், மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய் அறிகுறிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது, மாத்திரை சாப்பிடுபவர் நடுவில் நிறுத்திவிட்டாரா என்று கவனிப்பது, தேவைப்பட்டால் இ-சஞ்சீவனி மூலம் டாக்டரிடம் பேச வைப்பது, யாரை உடனே மேல்மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று தீர்மானிப்பது ஆகியவற்றுக்கான முதல் முடிவு அங்கே இருக்கும் செவிலியர் கையில் இருக்கிறது.

2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்ட'த்தை எடுத்துக்கொள்ளலாம். புதிதாகக் காசநோய் கண்டறியப்பட்டவரின் எடை, உயரம், காலில் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, யாரும் பிடிக்காமல் அவரால் நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்க்கிறார்கள். லேப், ஸ்கேன் எதுவும் தேவையில்லை. ஆபத்தான நிலையில் இருப்பவர் இந்தச் சில நிமிடங்களில் அடையாளம் காணப்பட்டு, உடனே உள்நோயாளியாகச் சேர்க்கப்படுகிறார். நர்சிங் கல்லூரியில் முதல் வருடம் கற்றுக்கொடுக்கும் அதே அளவீடுகள்தான். ஆனால் எடுக்கப்படும் இடமும் நேரமும் ஓர் உயிரைத் தீர்மானிக்கின்றன.

தமிழ்நாட்டுக்கு இது ஏன் முக்கியம்?

2018-20 மாதிரிப் பதிவு கணக்கெடுப்பின்படி, உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு தாய் இறப்பு இந்தியாவில் 97. தமிழ்நாட்டில் 54. இந்த இடைவெளிக்கு நல்ல மருத்துவமனைகள் மட்டும் காரணம் அல்ல. 8,700-க்கும் மேற்பட்ட துணை சுகாதார நிலையங்களில், கர்ப்பம் தரித்த சில வாரங்களிலேயே பெண்களைப் பதிவு செய்து, ரத்தசோகை உள்ளவரையும் ரத்தக்கொதிப்பு உள்ளவரையும் முன்கூட்டியே கண்டுபிடிக்கும் கிராம சுகாதார செவிலியர்களின் பங்கும் இதில் பெரியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி கிடைப்பதற்கான பதிவுகளும் அவர்கள் வழியாகத்தான் போகின்றன.

இப்போது சவால் மாறியிருக்கிறது. பிரசவம் ஒன்பது மாதத்தில் முடிந்துவிடும். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வாழ்நாள் முழுக்கக் கூட வரும். அதனால்தான் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. மாத்திரையும், பிசியோதெரபியும், வலி தணிப்பு சிகிச்சையும் வீட்டு வாசலுக்கே போகும் இந்தத் திட்டத்துக்கு 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருது கிடைத்தது. வீட்டுக்குப் போகும் மருத்துவத்தில் நோயாளியிடம் மாதாமாதம் பேசப்போவது செவிலியரும் களப்பணியாளரும்தான். இந்த இடங்களுக்குத் திறமையான இளைஞர்கள் வராவிட்டால், திட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

என்னென்ன வழிகள் இருக்கின்றன?

பலர் குழம்பும் இடம் இதுதான். பொது சுகாதார செவிலியர் என்று ஒரே ஒரு பதவி கிடையாது. படித்த படிப்பைப் பொறுத்துக் கதவுகள் மாறும்.

*1. கிராம சுகாதார செவிலியர்:* இரண்டு வருட ஏ.என்.எம். படித்தவர்களுக்கான நிரந்தர அரசுப் பணி. ஆள் தேர்வு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) மூலம் நடக்கிறது. 2023-ல் 2,250 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. பகுதி சுகாதார செவிலியர், சமுதாய நல செவிலியர் என்று பதவி உயர்வுப் படிகள் உண்டு. கவனிக்க வேண்டியது: 'பி.எஸ்சி. முடிச்சிருக்கேன், அதைவிடப் பெரிய படிப்புதானே' என்று நினைத்து விண்ணப்பிக்க முடியாது. அறிவிப்பில் கேட்கும் படிப்பு எதுவோ அதுதான் செல்லும்.

*2. இடைநிலை சுகாதாரப் பணியாளர் (எம்.எல்.எச்.பி.):* டிப்ளமோ அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் நேரடியாகப் பொது சுகாதாரத்துக்குள் வர மிக முக்கியமான வழி. பிற மாநிலங்களில் 'சமுதாய சுகாதார அலுவலர்' என்பார்கள். முன்பு இதற்கென ஆறு மாதச் சான்றிதழ் படிப்பை முடிக்க வேண்டியிருந்தது. இந்திய நர்சிங் கவுன்சில் திருத்திய செமஸ்டர் பாடத்திட்டத்தில் அந்தப் பயிற்சி பி.எஸ்சி. படிப்புக்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டது. தமிழ்நாட்டில் இந்த இடங்களை மாவட்ட நலச் சங்கங்கள் நிரப்புகின்றன. அறிவிப்பும் மாவட்ட வாரியாகத்தான் வரும்.

*3. எம்.ஆர்.பி. செவிலியர்:* மாநில அளவில் போட்டித் தேர்வு. தமிழ் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்ற தாள் திருத்தப்படும். தேர்வானவர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பணியமர்த்தப்படுகிறார்கள். தொகுப்பூதியத்தில் சேர்ந்து, காலியிடம் வரும்போது காலமுறை ஊதியத்துக்கு மாறுவது இங்குள்ள நடைமுறை.

*4. திட்டப் பணிகள்:* வலி தணிப்பு சிகிச்சை செவிலியர், தொற்றாநோய் பிரிவு செவிலியர், நகர்ப்புற நலவாழ்வு மைய செவிலியர் போன்றவை. தேசிய நலவாழ்வு இயக்கத்தின் நிதியில், ஒப்பந்த அடிப்படையில் இருக்கும்.

*5. ஆராய்ச்சியும் தொண்டு நிறுவனங்களும்:* சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. கள ஆய்வுகளுக்கு இவை அவ்வப்போது செவிலியர்களை எடுக்கின்றன. கிராமப்புற சுகாதாரத்தில் இயங்கும் தொண்டு நிறுவனங்களும் உண்டு.

*6. மேல்படிப்பு:* ஒரு வருட அனுபவத்துக்குப் பிறகு எம்.எஸ்சி. நர்சிங்கில் சமுதாய சுகாதாரத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். பொது சுகாதார முதுகலைப் படிப்பில் (எம்.பி.எச்.) நர்சிங் பட்டதாரிகளையும் பல நிறுவனங்கள் சேர்த்துக்கொள்கின்றன. திட்ட மேலாண்மை, கண்காணிப்பு, கொள்கை ஆய்வு போன்ற வேலைகளுக்கு இது அடித்தளம்.

சம்பளமும் பணிப் பாதுகாப்பும் எப்படி?

இந்தத் துறையின் பலவீனமான இடம் இது. மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

எம்.எல்.எச்.பி. பணிக்கு மாவட்ட அறிவிப்புகளில் வழக்கமாக இருப்பது மாதம் ₹18,000 தொகுப்பூதியம், 11 மாத ஒப்பந்தம். 'இந்தப் பணி முற்றிலும் தற்காலிகமானது, எந்தக் காலத்திலும் நிரந்தரமாக்கப்பட மாட்டாது' என்ற வரியும் கூடவே இருக்கும். கல்விக்கடன் வாங்கிப் படித்த ஒரு பெண்ணுக்கு, வெளிநாட்டு வேலைக்கான விளம்பரத்துக்குப் பக்கத்தில் இந்த அறிவிப்பை வைத்தால் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது தெரிந்ததுதான். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது.

பணத்தைத் தாண்டியும் சிக்கல்கள் உண்டு. பஸ் போகாத ஊருக்கு டூவீலர் இல்லாமல் போக முடியாது. மாலையில் தனியாக வீட்டுப் பார்வைக்குச் செல்லும் பெண்ணின் பாதுகாப்பு ஒரு கேள்வி. பல ஆப்களில் ஒரே தகவலைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்வதிலேயே பாதி நாள் போகிறது என்ற புலம்பலைக் களத்தில் எங்கும் கேட்கலாம். 'ஹாஸ்பிடல்ல வேலை கிடைக்கலையா?' என்று சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்வி தனி.

இதற்கு நேர் எதிர்ப் பக்கமும் இருக்கிறது. இரவு ஷிஃப்ட் சுழற்சி பெரும்பாலான களப்பணிகளில் இல்லை. சொந்த மாவட்டத்தில் வேலை கிடைக்க வாய்ப்பு அதிகம். மருத்துவமனையில் பல வருடம் கழித்துக் கிடைக்கும் முடிவெடுக்கும் சுதந்திரம், இங்கே முதல் மாதத்திலேயே வந்துவிடும். நேற்று நாம் கண்டுபிடித்த ரத்தக்கொதிப்புக்காரரை அடுத்த வருடமும் அதே தெருவில் நலமாகப் பார்க்கும் வாய்ப்பு வார்டில் கிடைக்காது.

எனவே முடிவு எடுப்பதற்கு முன் ஒப்பந்தப் பணியா, நிரந்தரப் பணியா, ஒப்பந்தம் என்றால் எத்தனை வருடம் இருக்கப் போகிறோம், அதிலிருந்து அடுத்த படி என்ன என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு வருட எம்.எல்.எச்.பி. அனுபவம், எம்.பி.எச். படிப்புக்கோ ஆராய்ச்சிப் பணிக்கோ வலுவான பின்னணியாக இருக்கும். இலக்கே இல்லாமல் ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டே போவதில்தான் சிக்கல்.

படிக்கும்போதே என்ன செய்யலாம்?

புதிய பாடத்திட்டத்தில் ஐந்தாவது, ஏழாவது செமஸ்டர்களில் சமுதாய சுகாதாரப் பாடம் வருகிறது. எட்டாவது செமஸ்டர் இன்டர்ன்ஷிப்பிலும் களப்பணி உண்டு. இந்த வாரங்களை 'ரெக்கார்டு முடிக்கணும்' என்ற மனநிலையில் கடத்தாமல் இருந்தாலே பாதி தயாரிப்பு முடிந்துவிடும்.

• *ஒரு குடும்பத்தைத் தொடருங்கள்.* ஐம்பது வீடுகளில் படிவம் நிரப்புவதைவிட, ஒரு கர்ப்பிணியை ஐந்தாவது மாதம் தொடங்கி குழந்தையின் முதல் தடுப்பூசி வரை பின்தொடர்வது அதிகம் கற்றுக்கொடுக்கும். போஸ்டிங் முடிந்த பிறகும் கல்லூரி அனுமதியுடன் மாதம் ஒரு தடவை போகலாம்.

• *கணக்குப் போடப் பழகுங்கள்.* 5,000 பேர் உள்ள பகுதி. பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 14 என்றால், வருடத்துக்குச் சுமார் 70 பிறப்புகள். கருச்சிதைவு போன்றவற்றுக்காக 10 சதவீதம் கூட்டினால், 77 கர்ப்பிணிகளை எதிர்பார்க்க வேண்டும். பதிவேட்டில் 60 பேர்தான் இருக்கிறார்கள் என்றால், மீதி 17 பேர் எங்கே? தனியார் மருத்துவமனைக்குப் போகிறார்களா, ஊரிலேயே இல்லையா, அல்லது யாருமே அவர்களைப் பார்க்கவில்லையா? நேர்காணலில் இந்தக் கணக்கை விளக்கத் தெரிந்தவர் தனியாகத் தெரிவார்.

• *கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டைப் படியுங்கள்.* இருபது வருட அனுபவம் உள்ளவரிடம் "அக்கா, இந்த வீட்டுக்கு மட்டும் ஏன் ரெண்டு தடவை போனீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பதில் வரும்.

• *பேசக் கற்றுக்கொள்ளுங்கள்.* 'ஹைப்பர்டென்ஷன்' என்றால் பலருக்குப் புரியாது, 'பிரஷர்' என்றால் புரியும். மாத்திரையை நிறுத்தியவரிடம் "ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டால் அவர் தற்காத்துக்கொள்ளப் பேசுவார். "மாத்திரை போட்டா என்ன பண்ணுது?" என்று கேட்டால் உண்மை வரும்.

• *நடைமுறைத் தயாரிப்பு.* டூவீலர் ஓட்டக் கற்றுக்கொள்வது, எக்செல் பழகுவது, தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பதிவை முடித்தவுடன் செய்வது, சான்றிதழ்களை ஸ்கேன் செய்து வைப்பது, மாவட்ட இணையதளத்தையும் எம்.ஆர்.பி. தளத்தையும் வாரம் ஒரு தடவை பார்ப்பது. மாவட்ட அறிவிப்புகளுக்குச் சில நேரம் இரண்டு வாரம்தான் அவகாசம் இருக்கும். சாதாரணமாகத் தோன்றும் இந்தக் காரணத்தால் வாய்ப்பை இழப்பவர்கள் நிறைய. 'பணம் கொடுத்தால் போஸ்டிங்' என்று வாட்ஸ்அப்பில் வரும் தகவல்களை நம்ப வேண்டாம்.

கல்லூரிகளும் அரசும் என்ன செய்ய வேண்டும்?

மாணவரின் ஆர்வம் மட்டும் போதாது. வேலூர் சி.எம்.சி. நர்சிங் கல்லூரி, 'காஞ்ச்' எனப்படும் தன் சமுதாய சுகாதாரப் பிரிவின் மூலம், சுற்றியுள்ள கிராமங்களில் தானே தொடர்ந்து சேவை நடத்துகிறது. மாணவர்கள் அங்கே பார்வையாளர்களாக வந்து போவதில்லை, நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலையில் சேர்கிறார்கள். கற்றுக்கொடுப்பவரே களத்திலும் வேலை செய்வதுதான் இங்குள்ள வித்தியாசம். திண்டுக்கல் மாவட்டம் காந்திகிராமத்தில் உள்ள ஊரக சுகாதார மற்றும் குடும்ப நலப் பயிற்சி நிறுவனமும் களப்பணியாளர் பயிற்சியில் நீண்ட அனுபவம் கொண்டது.

எல்லாக் கல்லூரிகளும் இந்த அளவுக்குச் செய்ய முடியாது. ஆனால் அருகில் உள்ள ஒரு துணை சுகாதார நிலையத்தோடு நிரந்தரத் தொடர்பு, வருடத்துக்கு ஒரு தடவை களத்தில் இருக்கும் முன்னாள் மாணவர்களை அழைத்துப் பேச வைப்பது, கேம்பஸ் இன்டர்வியூ பட்டியலில் மருத்துவமனைகளோடு ஆராய்ச்சி நிறுவனங்களையும் தொண்டு நிறுவனங்களையும் சேர்ப்பது ஆகியவற்றுக்குப் பெரிய செலவு இல்லை.

அரசுத் தரப்பில் தேவைப்படுவது இன்னும் அடிப்படையானது. 11 மாத ஒப்பந்தத்தில் இருப்பவரிடம், 'ஐந்து வருடம் கழித்து இந்த ஊரில் பக்கவாதம் குறையும்' என்ற நோக்கத்தோடு வேலை செய் என்று சொல்வது முரண். ஊரின் நம்பிக்கையைப் பெறவே ஒரு வருடம் ஆகிறது. அந்த நேரத்தில் ஒப்பந்தம் முடிந்தோ, சம்பளம் போதாமலோ அவர் கிளம்பினால், அடுத்தவர் மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். பணி அனுபவத்துக்கு நிரந்தரத் தேர்வில் மதிப்பெண், பயணப்படி, தெளிவான பதவி உயர்வுப் பாதை ஆகியவை செவிலியர்களுக்கான சலுகை மட்டும் அல்ல. அந்த 5,000 பேருக்கான சிகிச்சையின் ஒரு பகுதி.

யாருக்கு இந்த வேலை பொருந்தும்?

அறுவை அரங்கின் வேகம் பிடித்தவர்களுக்கு இது பொருந்தாமல் போகலாம். பலன் மெதுவாகத்தான் தெரியும். வராமல் போன வலிப்பையும் நடக்காமல் போன மரணத்தையும் யாரும் போட்டோ எடுத்துப் பகிர்வதில்லை. ஆனால் மனிதர்களோடு பேசப் பிடிக்கும், எண்களுக்குப் பின்னால் இருக்கும் முகத்தைத் தேடப் பிடிக்கும் என்றால், இன்டர்ன்ஷிப்பின் அடுத்த புதன்கிழமையை ஒரு சோதனையாக எடுத்துக்கொள்ளலாம்.

ஊசி போட்டு முடித்ததும் பேருந்துக்கு ஓடாமல், பதிவேட்டைத் திறந்து வராத குழந்தைகளின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு வீட்டுக்காவது போய் வாருங்கள். திரும்பி வரும்போது 'அடுத்த வீட்டுக்கும் போகலாமே' என்று தோன்றினால், இந்த வேலை உங்களுக்கானதாக இருக்கலாம்.